பற்றுக் கணக்கு

மாமா அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் முட்டையா இருக்கே பாப்பா, இது நல்லதா கெட்டதா?"

நல்லதுதான் மாமா என்றேன். பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கினால் அடி விழும். சிசிரிஸ் அறிக்கையில் முட்டை வாங்கினால்தான் தேர்ச்சி. 12 மாதத்துக்கு 12 கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0, ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. பேங்க் நெகாரா 2001-இல் கொண்டுவந்த இந்தப் பதிவைத்தான் மலேசியாவில் கடன் கேட்கும் எல்லோருக்கும் வங்கிக்காரர்கள் முதலில் திறந்து பார்க்கிறார்கள். மாமாவின் தாளில் ஒன்பது முட்டை. மீதி மூன்று கட்டம் காலி, ஏனென்றால் அவருடைய கடன் அட்டைக்கு வயதே ஒன்பது மாதம்தான்.

அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இப்போது எதற்குக் கடன் அட்டை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் நூறு வருடத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒருவனுடைய கடன் கணக்கை யார் எழுதுகிறார், அதை யார் வைத்துக்கொள்கிறார் என்பது நம் ஆட்களுக்குப் புதிய கேள்வி அல்ல. மலாயாவுக்குச் சஞ்சிக்கூலியாக வந்தவன் கப்பலில் கால் வைக்கும்போதே கடனாளி. பயணச் செலவைக் கூலியிலிருந்து பிடிப்பார்கள். ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறை. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்தார்கள். தோட்ட முதலாளிகளிடம் வரி மாதிரி வசூலித்து, அந்தப் பணத்தில் கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் கங்காணி கூட்டிவந்த தொழிலாளி, சட்டத்தின் கண்ணிலாவது, கடனில்லாமல் இறங்கினான். 1910-இல் சஞ்சி முறையே நிறுத்தப்பட்டது. ஜோகூர் ரயில் பாதை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரப்பர்த் தோட்டங்கள் பரவின. எங்கள் ஆட்கள் கூலாய்ப் பக்கம்.

இலங்கை மலைத்தோட்டங்களில் கதை வேறு. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியின் ஆட்கள் பேரில் மொத்தமாக இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். அந்தத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அடையாது, கைதான் மாறும். பல நேரம் மாறும்போதே ஏறவும் செய்யும். தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அந்தத் தொழிலாளிக்குப் படிக்கவே தெரியாது. 1921-இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

எனக்கு உறைத்தது கடன் தொகை இல்லை. தன்னைப் பற்றிய கணக்கைத் தான் பார்க்க முடியாத நிலைமை. அடித்தால் தெரியும், கூலியைக் குறைத்தால் தெரியும். எங்கோ ஒரு பேரேட்டில் பேருக்கு எதிரே எழுதப்பட்ட எண் தெரியாது.

மலாயாவில் கப்பல் கடன் போனாலும் கடைக் கடன் போகவில்லை. தோட்டத்துக் கடையில் அரிசி, மீன், எண்ணெய் எல்லாம் பற்றில்தான். சம்பள நாளில் கடைக்காரர் நோட்டோடு வந்து நிற்பார். அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் அது 555 நோட்டு. அட்டையில் பெரிதாக 555 என்று அச்சடித்த, சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் இந்த நாட்டில் அதுதான் கடன் புத்தகம். "555-ல எழுதிக்கோ" என்றால் எந்த இனத்துக் கடைக்காரருக்கும் புரியும். பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் சாமான் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் ஒரு கோடு போட்டு வைப்பாராம். மாதக் கடைசியில் கடைக்காரரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எண்ணச் சொல்வாராம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் கடன் அறிக்கையைத் தானே வைத்துக்கொண்டவர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு பக்கம் செட்டியார்கள். மூவாரில் தண்டாயுதபாணி கோயில் கட்டும் அளவுக்கு நகரத்தார் இருந்தார்கள். கிட்டங்கியில் பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிலத்துக் கிராண்டை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பார்கள். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்து ஆட்கள் லட்சத்துக்கும் மேல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. மலாய்க்காரர் நிலம் அப்படிக் கைமாறக் கூடாது என்ற கவலைதான் ஜோகூரின் 1936 மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. செட்டியாரை வில்லனாக்கி எழுதுவது எளிது. வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத சின்ன ஆட்களுக்கு அவர்கள்தான் வங்கி. தமிழில் காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம். கிட்டங்கிக்கு அது பாதகமில்லை, ஆளை நேரில் தெரியும். ஆளையே பார்க்காத இடத்தில் காசு போனால் நேர்மையும் போனதாக அர்த்தமாகிவிடுகிறது.

மாமாவுக்கு நடந்தது அதுதான். நண்பர் லாரி வாங்கினார், மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் நொடித்துப்போனார். வட்டியோடு சேர்ந்து தொகை அன்றைய வரம்பான 30,000 வெள்ளியைத் தாண்டியது. 2006-இல் மாமாவைத் திவாலானவர் என்று அறிவித்தார்கள். அவர் தன் வாழ்க்கையில் ஒரு காசு கடன் வாங்கியதில்லை.

ஜோகூர்க்காரனுக்குத் திவால் என்பது வெறும் பண விஷயம் இல்லை. திவாலானவர் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. பினாங்குக்காரருக்கு அது எப்போதாவது உறுத்தும் விஷயமாக இருக்கலாம். இங்கே 1924-இல் திறந்த பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் பாதி வாழ்க்கை. மாமா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த வேலை போயிற்று. ஜோகூர் பாருவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலுக்குப் போனார். 2011-இல் உட்லண்ட்ஸில் பெரியம்மா இறந்தபோது, விண்ணப்பம், அனுமதி என்று அலைவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. கூடப்பிறந்த அக்கா. இடையில் இருந்தது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாலம். மாமா லிடோ கடற்கரையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

2017-இல் சட்டம் மாறியது. வரம்பு 50,000 வெள்ளியானது, பின்னர் 1,00,000. சொந்த வீடு, சொந்த உபயோகத்துக்கு வண்டி, படிப்பு ஆகியவற்றுக்கு ஜாமீன் போட்டவரை இனித் திவாலாக்க முடியாது. செய்தி படித்த அன்று மாமா சந்தோஷப்பட்டார். பிறகு நாங்கள் நிதானமாகப் பார்த்தோம். அவர் போட்டது லாரிக்கு. தொழில். அந்தப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தியிருக்காது. மாதாமாதம் கட்டி முடித்து, 2019-இல் விடுவிப்புக் கடிதம் வாங்கினார்.

கடிதம் வந்தால் பேர் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தோம். சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் நீதிமன்ற, அரசிதழ் அறிவிப்புகளையும் சேர்த்து வைப்பவை; 300-லிருந்து 850 வரை மதிப்பெண் போடுபவை. தவறான, பழைய பதிவைத் திருத்தச் சொல்லும் உரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. விடுவிப்புக் கடிதத்தின் நகலோடு எழுதினோம். இதற்கு நடுவில் "பிளாக்லிஸ்ட்டுல இருந்து உங்க பேர எடுத்துத் தர்றோம், 800 வெள்ளிதான்" என்று ஒரு தம்பி தொலைபேசியில் வந்தான். மாமா பணத்தை எடுத்தே வைத்துவிட்டார். சிசிரிஸில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது, அதில் இருப்பது கட்டியது, கட்டாதது மட்டும்தான், யாரும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது என்று புரியவைக்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. நிஜமாகவே ஆலோசனை வேண்டுமென்றால் ஏகேபிகே இருக்கிறது, 2006-லிருந்து இலவசமாகச் செய்கிறது. ஜோகூர் பாருவிலும் அலுவலகம் உண்டு.

அங்கே போய் வந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. மாமாவுக்கு இப்போது கெட்ட பேர் இல்லை. பேரே இல்லை. வருடக்கணக்கில் ஒரு கடனும் எடுக்காதவரைப் பற்றி அந்தக் கட்டங்களில் எழுத ஒன்றுமில்லை. வங்கிக்காரருக்கு அதுவும் சந்தேகம். அதனால் நிரந்தர வைப்பில் கொஞ்சம் பணத்தைப் போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு அட்டை வாங்கினார். மாதம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், எப்போதாவது ஒரு மருந்து. பில் வந்த அன்றே முழுத்தொகையையும் கட்டிவிடுவார்.

தன் பணத்தையே அடகு வைத்து, தன் பணத்தையே கடனாக வாங்கி, ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று காட்டுவது கொஞ்சம் கேவலமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"லாரிக்குக் கையெழுத்து போட்டப்ப எவனும் என்னைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல பாப்பா. இப்ப கேக்குறான். பதில் சொல்லிட்டுப் போறேன்."

மாமா சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பெட்ரோலும் தேதியோடு எழுதியிருந்தது. அறிக்கையில் இருந்த நிலுவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் கழிச்சு இன்னொன்னு எடுத்துக் குடு," என்றார்.