பெட்டியில் 500 வாட், உள்ளே எவ்வளவு?

சில வருடங்களுக்கு முன்னர் காணொளித் தொகுப்பு வேலைக்காகக் குறைந்த செலவில் ஒரு கணினி பூட்டினேன். கேசிங்குடன் சேர்த்தே மின்வழங்கியும், அதாவது பவர் சப்ளையும் கிடைத்தது. அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருந்தது. பின்னர் பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு வெடிச்சத்தம், கருகல் மணம். மின்வழங்கியோடு ஹார்ட் டிஸ்க்கும் போனது. அதில் நான்கு மாத நேர்காணல் பதிவுகள் இருந்தன.

அதன் பிறகுதான் ஸ்டிக்கரில் இருந்த சிறிய எழுத்துகளை வாசித்தேன். முதலே வாசித்திருந்தால் ஒரு நிமிடக் கணக்கில் விடயம் விளங்கியிருக்கும்.

12 வோல்ட் வரி

மின்வழங்கியின் ஸ்டிக்கரில் ஓர் அட்டவணை இருக்கும். 3.3, 5, 12 வோல்ட் வெளியீடுகள் ஒவ்வொன்றிலும் எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்பதை அது சொல்லும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் வரும்.

இன்றைய கணினிகளில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்குத் தேவையான வலுவை ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டிய முதல் எண் அந்த வரியில் உள்ள அம்பியர்தான்.

என்னுடையதில் 12 வோல்ட்டுக்கு 16 அம்பியர்: 192 வாட். 5 வோல்ட்டுக்கு 25 அம்பியர்: 125 வாட். 3.3 வோல்ட்டுக்கு 20 அம்பியர்: 66 வாட். மூன்றையும் கூட்டினாலும் 383தான். உண்மையில் அப்படிக் கூட்டவும் முடியாது, 3.3, 5 வோல்ட் இரண்டுக்கும் பொதுவான உச்ச எல்லை ஒன்று உண்டு.

அப்படியானால் 500 எங்கிருந்து வந்தது? சிலர் கணநேரம் மட்டும் தாங்கும் உச்ச வலுவை எழுதுகிறார்கள். சில பெட்டிகளில் அது மாதிரியின் பெயரில் வரும் இலக்கம் மட்டுமே.

12 வோல்ட் இரண்டு வரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அவற்றின் அம்பியரையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தரப்பட்ட வாட் எல்லையைப் பாருங்கள்.

தேவை எவ்வளவு?

ஆர்எக்ஸ் 580 கார்டுக்கு 185 வாட். 65 வாட் என்று விற்கப்படும் ரைசன் புரொசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். மொத்தம் 273 வாட், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 23 அம்பியர். விசிறி, டிஸ்க், சற்றுக் கூடுதல் இடம் எல்லாம் சேர்த்தால் 30 அம்பியராவது இருப்பது நல்லது. நான் 16 அம்பியரில் ஓட்டினேன்.

ஸ்டிக்கரே பொய் சொன்னால்?

கையில் தூக்கிப் பாருங்கள். வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடும் மின்மாற்றியும் சிறிதாக இருந்தால் மின்வழங்கி பாரமற்றிருக்கும்.

வயரில் அச்சிடப்பட்ட கேஜ் எண்ணைப் பாருங்கள். 18 பொருத்தமானது; 20, 22 என்றால் மெல்லியது.

500 வாட் என்று சொல்லும் மின்வழங்கியில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முள் இணைப்பு இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பின்புறத்தில் 115/230 சிவப்பு ஆளி இருந்தால் அது பெரும்பாலும் பழைய வடிவமைப்பு. எங்கள் 230 வோல்ட் மின்சாரத்தில் அதை 115இல் விட்டுப் போட்டால் உடனே வெடிக்கும்.

80 பிளஸ் சின்னத்தை எவரும் அச்சிடலாம். சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியல் அந்தத் திட்டத்தின் இணையத்தளத்தில் உண்டு. முழுச் சுமையிலும் சோதித்தே சான்று தரப்படுவதால், மாதிரி இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

செய்யக்கூடாதவை

சுமை இல்லாமல் மல்ரிமீற்றரில் 12 வோல்ட் காட்டினால் கொள்திறன் இருக்கிறது என்று பொருளல்ல. கணினி கடுமையாக வேலை செய்யும்போது 11.4க்குக் கீழே இறங்கினால் மின்வழங்கி தாங்கவில்லை. மின்வழங்கியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

காசு குறைவென்றால் கார்டைப் பிறகு வாங்கலாம். பெயர் தெரியாத 600ஐ விட, பட்டியலில் உள்ள 450 நல்லது. அதுவரை முக்கியமான கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். மின்வழங்கியைத் திரும்ப வாங்கலாம். என் நேர்காணல்களைத் திரும்ப எடுக்க முடியவில்லை.