சான்-குளோட் மரப் புகைக்குழாய்கள்

பிரான்சின் யூரா மலைப்பகுதியிலுள்ள சான்-குளோட் நகரம் மரப் புகைக்குழாய்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மடாலய யாத்திரிகர்களுக்காக மரப்பொருட்களைக் கடைந்துவந்த கைவினைஞர்கள் பின்னர் இத்தொழிலிலும் இறங்கினர். தொடக்கத்தில் பயன்பட்ட மரங்கள் புகையிலைத் தணலில் கருகின. 1850களில் பரவலான பிரையர் வேர்முண்டு எளிதில் தீப்பற்றாததால் அக்குறை நீங்கியது. இம்முண்டு மத்தியதரைக்கடல் பகுதிப் புதர்ச்செடி ஒன்றின் அடியில் விளைவது.

முண்டை நீரில் வேகவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் மெல்ல உலர்த்த வேண்டும். விரைந்து உலர்ந்தால் வெடிக்கும். நன்கு உலர்ந்த கட்டையிலும் மணலோ சிறு குழிகளோ மறைந்திருக்கும். பாதி வேலை முடிந்தபின், கடையும்போதுதான் அவை வெளிப்படும். புகைத்துளை கிண்ணத்தின் அடியைச் சரியாகச் சேராவிட்டாலும் உழைப்பு வீண். சிறு குழிகளை மக்கு வைத்து அடைத்தோ, மேற்பரப்பைக் கரடாகச் செதுக்கி மறைத்தோ மலிவாக விற்றனர். குறையற்ற வழவழப்பான குழாய்களே உயர்ந்த விலை பெற்றன.