துயருற்றவர் வாசலில் வந்த விருந்தினர்

மனைவியை இழந்த ஆடவரின் தனிமையைப் பற்றி நம் நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நாட்டார் கதைகள் நிறையவே பேசுகின்றன. சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் போன்ற ஊர்களில் ஒருவர் துக்கம் மிகுந்து தனக்குள் ஒடுங்கிவிட்டால், அவரை மோகினி பிடித்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. நம்மவர் சிலர் அதையே ஜின்னின் வேலை என்பர். 'இறந்த மனைவி இரவில் வருகிறாள். அது அவள்தானா, அவள் உருவில் வரும் ஜின்னா?' என்று மார்க்கம் கற்றவர்களிடம் கேட்பாரும் உளர். இக்கேள்வியை நகைத்து ஒதுக்குவது முறையன்று. அதன் வரலாறு நீண்டது.

கி.பி. 1281ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பெற்ற நாடு சீனம். அந்நாட்டில் கூ யோ என்னும் எழுத்தாளர் 1378இல் ஒரு கதைத் தொகுதியை இயற்றினார். அதிலுள்ள 'பியோனி மலர் விளக்கு' என்ற கதை 1360இல் இன்றைய நிங்போ நகரில் நிகழ்வதாக அமைந்தது. அண்மையில் மனைவியை இழந்த ஓர் இளைஞன், விளக்குத் திருவிழா இரவில் வாசலில் நிற்கிறான். பணிப்பெண் விளக்கேந்தி முன்செல்ல, ஓர் அழகி வருகிறாள். பின்னர் இரவுதோறும் அவன் இல்லம் வருகிறாள். சுவரின் துளைவழியே பார்த்த அண்டைவீட்டு முதியவருக்குத் தெரிந்ததோ, விளக்கொளியில் அவனருகே அமர்ந்திருந்த எலும்புக்கூடு! இறுதியில் அவளது சவப்பெட்டிக்குள்ளேயே அவன் பிணமாகக் கிடக்கிறான். ஜப்பானில் அசாய் ரியோய் 1666இல் இக்கதையைத் தம் நாட்டுச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஷாம் தேசத்தில் நீதிபதியாக விளங்கிய ஹனஃபி அறிஞர் பத்ருத்தீன் ஷிப்லீ (ரஹ், மறைவு ஹி. 769 / கி.பி. 1367), 'ஆகாமுல் மர்ஜான்' என்ற நூலை எழுதினார். ஜின்கள் பற்றிய சட்டங்களை ஆராயும் அந்நூலில் மனிதர் – ஜின் திருமணம் குறித்த விவாதமும் உண்டு. ஒரு ஜின் மனிதப் பெண்ணை மணக்க விரும்புவதாக யமன் நாட்டார் கேட்டபோது, இமாம் மாலிக் (ரஹ்) அதை வெறுத்ததாக ஓர் அறிவிப்பு அதில் இடம்பெறுகிறது. கர்ப்பமுற்ற பெண்ணொருத்தி, 'என் கணவர் ஜின்' என்று கூறினால் சமுதாயத்தில் சீர்கேடு பெருகுமே என்பதே அவர் சொன்ன காரணம். விந்தையான கேள்விக்கும் இமாமவர்களின் பார்வை மண்ணில் வாழும் மக்களின் நலனிலேயே நின்றது என்பது கருதத்தக்கது.

பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி நூலான 'துர்ருல் முக்தா'ரும் அதற்கு விரிவுரை வகுத்த இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு ஹி. 1252 / கி.பி. 1836) அவர்களும் இன வேறுபாட்டைக் காரணங்காட்டி இத்திருமணம் செல்லாது என்றனர். உங்களிலிருந்தே உங்களுக்குத் துணைகளை அல்லாஹ் ஆக்கினான் என்னும் நஹ்ல் அத்தியாயத்தின் 72ஆம் வசனக் கருத்தே இதற்கு ஆதாரம்.

இச்சட்டத்தின் உட்பொருளை அறிய, நபித்துவத்தின் பத்தாம் ஆண்டை நோக்குவோம். கி.பி. 619ஐ ஒட்டிய அவ்வாண்டே 'துயர ஆண்டு' எனப்படுகிறது. அருமைத் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் நபி (ஸல்) அவர்கள் இழந்தார்கள். தாயிஃப் மக்கள் கல்லெறிந்து விரட்டினர். திரும்பும் வழியில் நக்லா என்னுமிடத்தில் இரவுத் தொழுகையில் அவர்கள் ஓதியதை ஜின்களின் கூட்டமொன்று செவியுற்றதாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். துணைவியை இழந்தவரிடம் மறைவுலகத்தார் வந்தது உண்மை. ஆனால் வந்தவர்கள் மயக்க வரவில்லை. கேட்டார்கள், ஈமான் கொண்டார்கள், தம் கூட்டத்தாரை எச்சரிக்கத் திரும்பிச் சென்றார்கள்.

இல்லத்தின் வெறுமைக்கு ஆறுதல் வேறு வழியில் வந்தது. நபியவர்களின் தனிமையைக் கண்ட கவ்லா பின்த் ஹகீம் (ரலி) மறுமணம் பற்றி எடுத்துரைத்தார். அவர் சுட்டியவர்களுள் ஒருவர் ஸவ்தா (ரலி). கணவர் ஸக்ரானுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, பின் கைம்பெண்ணானவர். துயரம் இன்னதென்று அறிந்த ஒருவரே துயருற்ற இல்லத்துக்குத் துணையாக வந்தார்.

இதனால் கதீஜா (ரலி) மறக்கப்பட்டாரா? இல்லை. ஆடு அறுக்கப்பட்டால் அவருடைய தோழியருக்கு இறைச்சி அனுப்புவது மதீனாவிலும் நபியவர்களின் வழக்கமாயிருந்தது. ஒருநாள் கதீஜாவின் சகோதரி ஹாலா வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார். அக்குரலில் கதீஜா (ரலி) அனுமதி கேட்கும் பாங்கை உணர்ந்து நபியவர்கள் உள்ளம் நெகிழ்ந்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம்.

மனைவியை இழந்தவர் அவளைக் கனவில் காண்பது நோயன்று. தாயத்துக்கு உரிய குறையுமன்று. அவர் வீட்டுக்குச் சென்று அமர்ந்து, அவளைப் பற்றிப் பேச விட்டுக் கேட்பதும், உரிய வேளையில் கவ்லாவைப் போல் மறுமணம் பற்றி எடுத்துரைப்பதும் மஹல்லாவின் கடமையாகும். அந்த வாசலுக்கு மனிதர் எவரும் போகாதபோதுதான், மோகினியும் ஜின்னும் வந்ததாக ஊர் பேசுகிறது.