கேள்வியையும் தரவாக்கிய கதை

சென்னையில் கணினி படித்தவர்களுக்கு ரகு ராமகிருஷ்ணன் என்றால் தடித்த தரவுத்தளப் பாடநூல்தான் நினைவுக்கு வரும். அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.டெக். முடித்து அமெரிக்கா போனவர். நிரல்களின் பிழை தேடும் ஒரு முறையின் பிறப்பிலும் அவருக்குப் பங்குண்டு. அதைப் பேசுவோர் குறைவு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கோல்மராரும் பிலிப் ருசெலும் ப்ரோலாக் மொழியை உருவாக்கினார்கள். அதில் 'இதைச் செய்' என்று கட்டளையிடுவதில்லை; எது உண்மை என்று விதியாக எழுதுகிறோம். ஒரே விதியைப் பல பக்கமிருந்தும் கேட்கலாம். இரண்டு பட்டியல்களை ஒட்டும் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கொடுத்தால் ஒட்டித் தரும். ஒட்டியதைக் கொடுத்தால் எங்கெங்கே பிரிக்கலாம் என்று அத்தனை வழிகளையும் சொல்லும். இரண்டாம் பட்டியலை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் காலியாக விட்டால், விடைகள் வந்துகொண்டே இருக்கும், நிற்காது. விதியில் தவறே இல்லை. கேட்ட விதத்தில்தான் வினை.

ஏல் பல்கலைக்கழகத்தில் எஹுத் ஷாபிரோ 1982-இல் முடித்த ஆய்வேட்டில் பிழை தேட ஒரு வழி சொன்னார். பிழைதேடி நிரலாளரிடமே 'இந்த விடை சரியா?' என்று கேட்டுக் கேட்டு, தவறான விதியில் போய் நிற்கும். அருமையான யோசனை. ஆனால் அது ஓட்டிப்பார்த்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும்தான் பொறுப்பு.

எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்துப் பேச ஒரு கணிதம் ஏற்கெனவே வந்திருந்தது. 1977-இல் பத்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதி அதை முன்வைத்தார்கள். −387-ஐ 52-ஆல் பெருக்கினால் விடை குறை எண் என்று சொல்ல, பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை, குறிகள் போதும். இதே இரண்டையும் கூட்டுவதென்றால் குறிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அங்கே 'தெரியாது' என்பதே விடை. எண்ணை விட்டுக் குறியைப் பிடிப்பது, தெரியாததைத் தெரியாது என்றே சொல்வது: முறையின் உயிர் இந்த இரண்டிலும் இருக்கிறது. ப்ரோலாக்கில் குறிகளுக்குப் பதில், விதியின் ஒவ்வொரு இடமும் 'நிரம்பியது' அல்லது 'தெரியாது'. சேர்க்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் கணக்கு கட்டாயம் முடியும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. உண்மைகளிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கணக்கிட்டால் என்ன விடைகள் வரும் என்று தெரியும். எந்த விதி எப்படி அழைக்கப்படும், அதாவது எப்படிக் கேட்கப்படும் என்பது தெரியாது. பிழை இருப்பதோ அழைப்பில்!

தரவுத்தளக்காரர்களுக்கு வேறொரு தலைவலி இருந்தது. கண்ணனின் முன்னோர் யார் என்று கேட்டால் ஊரிலுள்ள எல்லோருடைய முன்னோரையும் கணக்கிடுவது வீண். 1986-இல் பான்சியோன், மேயர், சாகிவ், உல்மன் நால்வரும் 'மேஜிக் செட்ஸ்' என்ற உத்தியைக் கொண்டுவந்தார்கள். 'கண்ணனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்' என்பதையும் ஓர் உண்மையாகப் பதிந்துகொள். அப்படிப் பதிவானவர்களுக்கு மட்டும் விதிகளை ஓட்டு. ராமகிருஷ்ணன் 1988-இல் இதைப் பொதுவான தர்க்க நிரல்களுக்கு விரித்தார்.

வேகத்துக்காகப் பதிந்த அந்தக் கேள்விகள்தான் பிழை தேடுவோருக்குத் தேவையான அழைப்புகள்! 1991-இல் சுவீடனின் உல்ஃப் நில்சன் இந்த உறவைச் சுட்டினார். 1994-இல் சௌம்யா டெப்ரேயும் ராமகிருஷ்ணனும் 'ஜர்னல் ஆஃப் லாஜிக் புரோகிராமிங்' இதழில் அதை முறையாக விரித்து எழுதினார்கள். கேள்விகளையும் பதியும்படி நிரலை உருமாற்றிவிட்டு மேல்நோக்கிக் கணக்கிட்டால் அழைப்பும் விடையும் சேர்ந்தே கிடைக்கின்றன.

அழைப்பைக் கணக்கிட்டுக் காட்டும் இந்த வகை ஆய்வு, மத்ரித்தில் மனுவேல் ஹெர்மெனெகில்டோ குழு கட்டிய சியாவோ-பிபி கருவியில் நேரடியாகப் பயன்படுகிறது. 'இந்த விதியை அழைக்கும்போது முதல் பட்டியல் நிரம்பியிருக்க வேண்டும்' என்று நிரலாளர் எழுதி வைக்கிறார். கருவி தானே கண்டதோடு அதை ஒப்பிடுகிறது. பொருந்தினால் சரிபார்த்தாயிற்று, மீறல் உறுதியென்றால் ஓட்டும் முன்பே எச்சரிக்கை. இரண்டும் இல்லையென்றால், அந்த நிபந்தனையை நிரல் ஓடும்போது சோதிக்கும் வரிகளை அதுவே உள்ளே சேர்த்துவிடுகிறது.