மதராஸில் பிறந்த ரோவரும் ஒரு பழைய பிஎம்டபிள்யூ கணக்கும்

கையில் ஒன்பது லட்சம் இருந்தால் இரண்டு கார்களில் ஒன்றை வாங்கலாம். ஒன்று, ஷோரூமிலிருந்து மாலை போட்டு ஓட்டி வரும் புது ஹேட்ச்பேக். இன்னொன்று, 2013-ல் முப்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து யாரோ வாங்கிய பிஎம்டபிள்யூ 320டி. மூன்று மாதமாக எனக்கு இந்த இரண்டாவது வியாதி பிடித்திருக்கிறது. ராத்திரி லேப்டாப்பை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை விளம்பரங்களைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

குற்றாலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் தொழில். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யானை சும்மா கெடச்சாலும் தீனி சும்மா கெடைக்குமா தம்பி?"

அவ்வளவுதான் கேள்வி. ஆனால் எனக்கு எதையும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் முடிவு செய்யத் தெரியாது. நம்ம ஊரில் சொகுசுக் கார்கள் எப்படி வாழ்ந்தன, எப்படிச் செத்தன என்று தேடப் போனேன். முதலில் அகப்பட்டது, சென்னையிலேயே செய்யப்பட்டு மூன்றே வருஷத்தில் மூச்சை விட்ட ஒரு கார்.

வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்றொரு கம்பெனி இருந்தது. 1948-ல் தொடங்கியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் அப்பா வயதுக்காரர்களுக்குச் சட்டென்று முகம் மலரும். அதே கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியது. அது உண்மையில் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் வடிவமைத்தது, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் துரத்திப் பிடிக்க வைத்திருந்த வண்டி.

அங்கே அதன் ஆயுள் முடிகிற நேரத்தில் அச்சுகள் மதராஸுக்குக் கப்பலேறின. உடம்பு வந்துவிட்டது, எஞ்சினுக்கு என்ன செய்வது? கம்பெனி தன்னிடமிருந்த பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சிசி எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வடிவமைக்கப்பட்ட வம்சம் அது. ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் அதன் சொந்தக்கார எஞ்சின்தான். ஃபெராரியைப் பார்த்து வரைந்த உடம்புக்குள் வயலில் உழுகிற குடும்பத்து இதயம்! சிரிப்பு வந்தாலும், அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் கம்பெனியின் பணக்கஷ்டத்தையும் நினைத்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

விலை இரண்டு லட்சத்துக்கு மேல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் மாருதி 800 சுமார் 50 ஆயிரத்துக்கு வந்திருந்தது. ஸ்டாண்டர்டு 2000 பெட்ரோலையும் நன்றாகவே குடித்தது. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எஞ்சினைப் பழைய மெக்கானிக் யாராவது பார்த்துவிடுவார், ஆனால் கண்ணாடியும் விளக்கும் கதவுப் பூட்டும் எங்கே போய்த் தேடுவது? இதில் கொடுமை என்னவென்றால், மதராஸில் மிச்சமிருந்த புது உதிரிபாகங்களை இங்கிலாந்து வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே எஸ்டி1-ஐ ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு அது புதையல்.

அதே காலத்துக் கான்டெஸா 2002 வரை வந்தது. அதுவும் பழைய பிரிட்டிஷ் உடம்புதான், வாக்ஸ்ஹால் விக்டர். ஆனால் நடுவில் இசுஸு எஞ்சின் கிடைத்தது, நாலு ஊரில் ஸ்பேரும் கிடைத்தது. பிழைத்துக்கொண்டது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஒரு பென்ஸ் கதையை எடுத்துவிட்டார். அவர் தொழில் படித்த பட்டறைக்கு மலைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவரின் பென்ஸ் 240டி வருமாம். அந்த நாளில் வெளிநாட்டுக் காரைப் புதிதாக இறக்குமதி செய்வது சாமானியமான காரியமில்லை. தூதரகக்காரர்கள் கழித்துவிடும் கார்களை அரசாங்கத்தின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் டெண்டர் விட்டு விற்கும். நம் நாட்டு 'செகண்ட் ஹேண்ட் சொகுசுக் கார்' சந்தையின் பெரிய வாசல் அதுதான். முதலாளியின் வண்டியும் அப்படி வந்ததுதான்.

"அந்த வண்டிக்கு நாங்க ஸ்பேருக்கு அலைஞ்சதே இல்ல தம்பி. டெம்போ சாமானப் போட்டே ஓட்டிட்டோம்" என்றார் அண்ணாச்சி.

முதலில் நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மைதான். 240டி-யில் இருந்த ஓஎம்616 டீசல் எஞ்சினை, பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. டிராக்ஸிலும் டிராவலர் வேனிலும் போட்டது. சீசனுக்குக் குற்றாலத்தில் ஆள் இறக்கிவிட்டு ஐந்தருவிப் பக்கம் வரிசையாக நின்ற அந்த வேன்களுக்கும் எஸ்டேட் முதலாளியின் பென்ஸுக்கும் ஒரே நெஞ்சு. பிஸ்டன் ரிங்கோ கேஸ்கட்டோ திருநெல்வேலியில் கிடைக்கும். மாட்டத் தெரிந்த கைகள் பட்டறைக்கு இரண்டு பேர். ரோவருக்கு வாய்க்காதது இந்த பென்ஸுக்கு வாய்த்தது.

இங்கேதான் என் மனசு குறுக்கு வழி பார்த்தது. 2007 மார்ச்சில் பிஎம்டபிள்யூ தன் இந்தியத் தொழிற்சாலையைத் திறந்தது எங்கே? செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டியில். ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்த அதே ஜிஎஸ்டி ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே. அதைவிடப் பெரிய விஷயம், பஜாஜ் டெம்போ இப்போது ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. 2015-லிருந்து பிஎம்டபிள்யூவுக்குச் சென்னையில் எஞ்சின் பூட்டிக் கொடுப்பது அவர்கள்தான். வட்டம் முழுசாகிவிட்டது, நம்ம டெம்போக்காரன் எஞ்சின்தானே, பயமென்ன என்று துள்ளினேன்.

ஒரு வாரத்தில் துள்ளல் அடங்கியது. இங்கே பூட்டுவது வேறு, இங்கே செய்வது வேறு. ஓஎம்616-ஐ டெம்போ வார்த்துக் கடைந்து செய்தது, அதனால் சாமான் கடைக்கு வந்தது. பிஎம்டபிள்யூ எஞ்சின் பாகங்களாக வந்து இங்கே கோர்க்கப்படுகிறது. அந்தப் பாகம் டவுனில் எந்தக் கடையிலும் தொங்காது.

நான் பார்த்த 2013 வண்டியில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஆரம்பகால என்47-களில் இந்தச் செயின் தேய்ந்து அறுந்து எஞ்சினையே கொண்டுபோன கதைகள் உலகமெங்கும் உண்டு. பிந்தையவற்றில் தொல்லை குறைவு. ஆனாலும் வேலை வந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும். எனக்குக் கிடைத்த மதிப்பீடு ஒன்றே முக்கால் லட்சம். இசட்எஃப் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு எண்ணெயே மாற்ற வேண்டாம், ஆயுள் முழுக்க அதே எண்ணெய் என்பது கார் கம்பெனியின் பேச்சு. கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியோ 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வருகிறது, தட்டையும் வாங்க வேண்டும், கிட்டத்தட்ட 45 ஆயிரம். ரன்-ஃபிளாட் டயர், நாலுக்கும் 80 ஆயிரம். ஸ்டெப்னி கிடையாது. புளியரை தாண்டி ஆரியங்காவு வளைவில் ராத்திரி டயர் கிழிந்தால் என்ன செய்வது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

பாட்டரி மாற்றினால்கூட வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்து சொல்ல வேண்டும், 'உனக்குப் புது பாட்டரி போட்டாச்சு' என்று. அது மட்டும் எனக்குச் சந்தோஷமான செய்தி. கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் நானே செய்துகொள்வேன். மற்றதுக்கெல்லாம் மதுரை, இல்லாவிட்டால் மலை தாண்டித் திருவனந்தபுரம்.

கூட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷத்துக்கு மூன்று லட்சம் தனியாக எடுத்து வைக்காமல் இந்த வண்டியைத் தொடக் கூடாது. அதாவது ஒன்பது லட்சத்தில் ஆறு லட்சத்துக்குத்தான் கார்.

இதற்கு நடுவில் கொச்சிப் பக்கம் ஒரு வண்டி வந்தது. வெள்ளை நிறம், 60 ஆயிரம் கிலோமீட்டர், விலை சந்தையைவிட ஒரு லட்சம் குறைவு. கேரளாவில் பதிந்த வண்டி, தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வரி கட்டி டிஎன் 76-க்கு மாற்ற வேண்டும். பரவாயில்லை என்று அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு விடியக்காலம் கிளம்பினேன். வண்டி கண்ணைப் பறித்தது. நான் எஞ்சின் சத்தத்தில் செயின் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி பானெட் பக்கமே போகவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். இன்னும் இழுத்தார். வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில், குறுக்கே ஒரு பழுப்புக் கோடு.

2018 ஆகஸ்ட் வெள்ளம். விற்பவர் முகம் மாறியதும் கேட்கத் தேவையில்லாமல் போனது. 2015 டிசம்பரில் சென்னையிலும் இப்படித்தான் வண்டிகள் முழுகின. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விட்டவை துடைத்து மெருகேறி எந்தெந்த ஊருக்கோ போயின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் இப்போது சந்தையில் இருக்கும். தண்ணீர் புகுந்த வயர் கட்டும் கன்ட்ரோல் யூனிட்டும் உடனே சாகாது. ஒரு வருஷம் கழித்து, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மழைக்கும் ஒன்றாகப் போகும்.

திரும்பும்போது தென்மலையில் டீ குடித்தோம். "பெல்ட்ட யாருல கழட்டிக் கழுவுவா" என்றார் அண்ணாச்சி, தனக்குத்தானே சொல்வது மாதிரி.

இப்போது கண் வைத்திருப்பது கோயம்புத்தூரில் ஒரு 2016 வண்டி. என்47-க்கு அடுத்து வந்த பி47 எஞ்சின். இதிலும் செயின் பின்னால்தான், ஆனால் பழைய கெட்ட பெயர் இல்லை. ஒரே உரிமையாளர், எல்லா சர்வீஸ் பில்லும் இருக்கிறதாம், 72 ஆயிரத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில் உட்பட. விலை பதினொன்றரை. என் கணக்கைவிட எவ்வளவு அதிகம் என்று வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டால், சாரல் ஆரம்பிச்சாச்சு, பட்டறை வாசலில் நாலு டிராவலர் நிற்கிறது, ஆடி முடியட்டும் என்கிறார்.