மௌனகுருவும் தாயுமான அடிகளும்

கல்லால நிழலில் அமர்ந்த தென்முகக் கடவுள், சனகர் முதலிய முனிவர் நால்வர்க்கும் வாய்திறவாமலே மெய்ப்பொருளை உணர்த்தினார் என்பது சைவ மரபு. வேதாகமங்களைக் கற்றும் ஐயம் நீங்காது வந்தவர்களுக்குச் சின்முத்திரை ஒன்றே விடையாயிற்று. முனிவர்க்கு அது தகும். நாள்தோறும் கணக்கேடும் கையுமாக உழலும் ஒருவருக்கு அம்மௌன உபதேசம் கேட்குமோ? திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த தாயுமான அடிகளின் வாழ்க்கை முழுவதும் இவ்வினாவையே சுற்றி நிகழ்ந்தது எனலாம்.

திருமறைக்காட்டில் கோயிற் பொறுப்பை நடத்திவந்த கேடிலியப்ப பிள்ளையின் திறமையைக் கண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732), அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் சென்று சம்பிரதிப் பதவியில் அமர்த்தினார் என்பர். மலைமேல் எழுந்தருளியுள்ள பெருமானின் அருளால் பிறந்த மகனுக்குத் தாயுமானவர் என்றே பெயரிட்டார். காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, கருவுற்ற பெண்ணுக்குத் தாயாகவே வந்து உதவிய இறைவனின் பெயரன்றோ அது! தந்தைக்குப் பின் மைந்தரும் அதே பதவியை ஏற்றார்.

கல்வியும் செல்வாக்கும் நிறைந்த அவ்விளைஞரின் உள்ளம் குருவைத் தேடி அலைந்தது. திருமூலர் வழிவந்த மௌனகுரு அப்போது திருச்சிராப்பள்ளிக்கு எழுந்தருளினார். அவரைக் கண்ட மாத்திரத்தில் பதவியைத் துறந்து உடன் செல்லத் துணிந்தார் தாயுமானவர். குருவோ அதற்கு இசையவில்லை. இல்லறத்தில் நிற்குமாறும், காலம் கனியும்போது தாமே வருவதாகவும் பணித்து, "சும்மா இரு" என்று மட்டும் உபதேசித்து நீங்கினார்.

துறவு கேட்டவருக்குக் கிடைத்தது காத்திருப்பு! அச்சொல் எவ்வளவு எளிதாகத் தோன்றினும், அதன் பாரம் தாங்கியவர்க்கே தெரியும். சும்மா இருத்தல் சோம்பியிருத்தல் என்று கொண்டால் உபதேசமே வேண்டாவே. அதற்கு நம்மில் பலர் இயல்பாகவே வல்லவர். கை தொழில் செய்யவும், கால் நடக்கவும், நினைப்பு மட்டும் எழாமல் அடங்கவேண்டும் என்றால் என் செய்வது? மதயானையையும் சிங்கத்தையும் வசப்படுத்தினாலும் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று அடிகளே பாடியுள்ளார். வாய் மூடியும் மனம் சந்தையாகவே இருப்பதைக் கண்டு அவர் நாணுகிறார். குருவின் சொல்லைக் காக்க இயலவில்லையே என்று இறைவனிடமே முறையிடுகிறார். பேசாதிருக்கப் பணிக்கப்பட்டவர் 1452 பாடல்கள் பாடினார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மௌனத்தைத் தருக என்னும் மன்றாட்டே. பராபரக்கண்ணி ஒன்றில் மட்டும் 389 கண்ணிகள் உள்ளன. அத்தனை முறையும் கதவைத் தட்டியிருக்கிறார்.

1732-இல் மன்னர் மறைந்தார். அரசி மீனாட்சியின் ஆட்சியில் உரிமைப்போரும் சூழ்ச்சியும் மலிந்தன. அடிகள் அரண்மனையை விட்டு நீங்கினார். உடன் வந்தவர் அவருடைய சிறிய தாயார் மகனாகிய அருளையர். விராலிமலையிலும் இராமநாதபுரத்திலும் தங்கியவரை, தமையனார் சிவசிதம்பரம் பிள்ளை திருமறைக்காட்டிற்கு அழைத்துச் சென்று மணம் முடித்தார். துறவைத் தேடிச் சென்றவர், குரு முன்பு பணித்த இல்லறத்திற்கே வந்து சேர்ந்தார்! கனகசபாபதி என்னும் மகன் பிறந்தான். சில காலத்தில் மனைவியார் காலமானார். அப்போதுதான், வாக்குத் தவறாமல், மௌனகுரு மீண்டும் வந்தார். இம்முறை துறவு மறுக்கப்படவில்லை.

அதன்பின் அடிகள் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் தை விசாகத்தன்று சமாதியில் அமர்ந்தார். அவர் பாடப்பாட ஏட்டில் எழுதிக் காத்தவர் அருளையர். மௌனத்தை நாடிய அக்குரல் நம் செவிவரை எட்டியது அவ்வெழுத்தாணியால்தான்.