எம்எஸ் நரம்பு நோய்: கைவைத்தியத்தில் எது துணை, எது ஆபத்து?

கால் மரத்துப்போனால் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். ஆனால் அதற்குக் காரணம் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ எனப்படும் எம்எஸ் நோயாக இருந்தால், அதே வெந்நீர் தொல்லையைக் கூட்டிவிடலாம்.

மூளை, முதுகுத்தண்டு, கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளை மயலின் எனும் உறை மூடியிருக்கிறது. மின்கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை போன்றது அது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைத் தாக்குவதுதான் எம்எஸ். பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், தசை இறுக்கம், சிறுநீரை அடக்க முடியாமை, கடுமையான சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கும்.

உலகெங்கும் 2.8 மில்லியனுக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உள்ளது. ஐரோப்பாவுடனும் வட அமெரிக்காவுடனும் ஒப்பிட்டால் ஆசியாவில் இது குறைவு. அதனால் உறவினர் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். நரம்புத் தளர்ச்சி என்று எண்ணி, அவரவர் அறிந்த மருந்தைச் சொல்வது இயல்பு.

தானாகத் தணியும் நோய்

எம்எஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு நோய் தொடக்கத்தில் விட்டுவிட்டு வரும். சில நாள்களில் முற்றி, பல வாரங்களில் ஓரளவோ முழுமையாகவோ தானாகவே தணியும். அந்த வாரங்களில் ஒருவர் எந்த லேகியத்தைச் சாப்பிட்டிருந்தாலும் குணமானது அதனால்தான் என்று தோன்றும். ‘இதுதான் கேட்கிறது’ என்று மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடுவதில்தான் பெரிய ஆபத்து உள்ளது. வெளியில் அறிகுறி ஏதுமில்லாத காலத்திலும் மூளையில் புதிய தழும்புகள் உண்டாகலாம். எம்ஆர்ஐ படத்தில்தான் அவை தெரியும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பவும் கூடும்.

எம்எஸ் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்னும் இல்லை. நோய் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. இயற்கை வழிகள் அன்றாடத் தொல்லைகளைத் தணிக்க அவற்றுடன் சேர்ந்து உதவலாம்.

வெப்பத்திலிருந்து விலகல்

உடல் சூடானால் எம்எஸ் அறிகுறிகள் தற்காலிகமாக மோசமடையும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890ல் இதைப் பதிவுசெய்தார். உறை சிதைந்த நரம்பில், வெப்பம் சற்றுக் கூடினாலும் சமிக்ஞை தடைபடுகிறது. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும்.

சிங்கப்பூரின் வெயிலில் இதை மறந்துவிட முடியாது. தேக்கா சந்தைக்குக் காலையிலேயே போய்வருவது, குளிர்ந்த நீரை அவ்வப்போது பருகுவது, ஈரத்துண்டைக் கழுத்தில் போடுவது, சுடுநீருக்குப் பதில் மிதமான நீரில் குளிப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். தைப்பூச ஊர்வலத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலைவரை நடக்க எண்ணுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது. உணர்ச்சி குறைந்த காலில் சூட்டின் அளவு தெரியாது என்பதால், ஒத்தடம் தோலைப் பொசுக்கிவிடவும் கூடும். மிதமான எண்ணெய்த் தடவலில் அந்த ஆபத்து இல்லை.

யோகாவும் நீச்சலும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 69 எம்எஸ் நோயாளிகளிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வு 2004ல் வெளியானது. யோகா செய்தோருக்கும் மிதிவண்டிப் பயிற்சி செய்தோருக்கும் சோர்வு குறைந்தது, நினைவாற்றலில் மாற்றமில்லை. பிடித்த பயிற்சி எதுவானாலும் பலன் உண்டு என்பது இதன் பொருள். நின்று செய்யும் ஆசனங்களைச் சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு செய்யலாம். சூடேற்றிய அறையில் நடத்தும் யோகா வகுப்பு வேண்டாம். வட்டார நீச்சல் குளமும் நல்ல இடம். தண்ணீர் உடலைத் தாங்கும், குளிரவும் வைக்கும்.

மூலிகைகளில் கவனம்

சமையலில் சேரும் மஞ்சளால் தொல்லை இல்லை. மாத்திரையாகவும் பொடியாகவும் அதிக அளவில் உட்கொள்வது வேறு. சீந்தில், அமுக்கரா ஆகியவற்றை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. எம்எஸ் மருந்துகள் சிலவும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் சுமை கூடும். தவிர, ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படும் பொருள், எதிர்ப்பு மண்டலமே எல்லை மீறும் நோய்க்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. இந்த ஆய்வும் 2004ல் வெளியானது. சிங்கப்பூரில் பாரம்பரிய மருந்துகளில் நச்சு உலோகங்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் இந்தியப் பாரம்பரிய மருந்துகள் விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியதில்லை. அடையாளச் சீட்டில்லாத பொட்டலங்களையும் ஊரிலிருந்து வரும் பெயரில்லாப் பொடிகளையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

வைட்டமின் டி குறைவாக இருப்போருக்கு எம்எஸ் வரும் வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே அதற்கான மாத்திரையை எடுக்கவேண்டும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும். அக்குபங்சர் செய்வோர் சிங்கப்பூரில் பதிவுபெற்றிருக்க வேண்டும். செல்லுமுன் அதை உறுதிப்படுத்துங்கள். கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து தசை இறுக்கத்தைத் தணிக்கச் சில நாடுகளில் தரப்படுகிறது. இங்கு கஞ்சா தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். சிங்கப்பூரர்கள் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றமே.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

திட்டுவார்களோ என்று மூலிகை உட்கொள்வதைச் சொல்லாமல் விடுவோர் உண்டு. புட்டியையோ அதன் படத்தையோ காட்டி, எவ்வளவு, எத்தனை நாளாக என்று சொன்னால் போதும். கல்லீரல் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். தேசிய நரம்பியல் கழகத்தின் நிபுணர்கள் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்திலும் உள்ளனர். பலதுறை மருந்தக மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் நிபுணரைக் காண ஏற்பாடு செய்யலாம்.

ஒரு கண்ணில் பார்வை திடீரென மங்கினாலோ, புதிய மரத்துப்போதலோ பலவீனமோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ எந்தக் கைவைத்தியத்துக்கும் காத்திருக்காமல் மருத்துவரை நாடுங்கள். முகம் கோணி, பேச்சு குழறி, ஒரு பக்கக் கைகால் திடீரென விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995 எண்ணை அழையுங்கள்.